சிபில் மதிப்பெண்ணுக்காக மாணவர் தவணையில் வண்டி எடுக்கலாமா?

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு மாணவர், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர், ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு மாலை மடித்த தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். மதுரை புறவழிச்சாலையில் உள்ள ஓர் இருசக்கர வண்டி விற்பனையகத்தில் கொடுத்த விலைத்தாள் அது. ஆன்ரோடு விலை 1,20,000 ரூபாய், முன்பணம் 40,000, கடன் 80,000, தவணைக் காலம் 36 மாதம், மாதத் தவணை 2,889 என்று நீல மையில் எழுதி, கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். "அண்ணே, வட்டி கொஞ்சம் போனாலும் பரவாயில்ல. இப்பவே லோன் எடுத்துக் கட்டிட்டு வந்தா, படிப்பு முடியறப்ப சிபில் நல்லா இருக்கும்னு அங்க சொன்னாங்க. வேலைக்குப் போனதும் எந்த லோனும் ஈசியாக் கெடைக்குமாம்" என்றார்.

அவர் சொன்னதில் முழுப் பொய் எதுவும் இல்லை. வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கிய வண்டிக் கடனை மூன்று ஆண்டுகள் பிசகாமல் கட்டினால், ஒருவரை நம்பிக் கடன் தரலாமா என்று வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண் உருவாகும், உயரவும் செய்யும். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன விலை கொடுக்கிறோம், அதே மதிப்பெண் வேறு வழியில் என்ன விலைக்குக் கிடைக்கும், தவறினால் என்ன ஆகும் என்ற மூன்று கணக்குகளையும் அந்தத் தாளில் யாரும் எழுதித் தரவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் ஒரு மாணவர் வண்டிக் கடன் எடுக்கக்கூடாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மதிப்பெண் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி நம்மிடையே நிலவும் புரிதலே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

சிபில் என்று நாம் பொதுப்பெயராகச் சொல்வது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில் என்று அழைக்கப்படுகிறது. அதோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவற்றையும் சேர்த்து நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் இயங்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் விதிகளும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் விவரத்தையும் இந்த நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒருமுறை அனுப்பப்பட்டுவந்த அந்தத் தகவல், 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். இதுவரை கடனே வாங்காதவரின் அறிக்கையில் எண் இருக்காது. வரலாறு இல்லை என்பதைக் குறிக்கும் என்.எச். என்ற எழுத்துகளோ, -1 என்ற குறியோ இருக்கும். மாணவர்கள் பலரும் இந்த -1 குறியைப் பார்த்து, தாங்கள் ஏதோ தேர்வில் தோற்றுவிட்டதைப் போலப் பதறுகிறார்கள். அது ஒருவர் கடன் சந்தைக்கு இன்னும் வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

அறிக்கையின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று விளங்கிவிடும். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சிறு சிறு கட்டங்கள் வரிசையாக இருக்கும், கடைசி 36 மாதங்களுக்கு. அந்த மாதத் தவணையை உரிய நாளில் கட்டியிருந்தால் கட்டத்தில் 000 என்று இருக்கும். கட்டாமல் முப்பது நாள் கடந்திருந்தால் 030, அறுபது நாள் என்றால் 060. அந்த எண் நிலுவை எத்தனை நாள் பழையது என்பதைச் சொல்கிறது. கடன் எதற்காக வாங்கப்பட்டது, அது வீடா, வண்டியா, கைப்பேசியா, கடன் அட்டையா என்ற வகையும், இப்போதைய பாக்கியும், சமீபத்தில் எந்தெந்த நிறுவனங்கள் இவருடைய அறிக்கையைக் கேட்டுப் பார்த்தன என்ற பட்டியலும் அதில் உண்டு. சம்பளம் எவ்வளவு, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, கல்லூரியில் என்ன மதிப்பெண் என்பவை மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 80,000 ரூபாய்க் கடனில் கட்டிய தவணைக்கும் 000-தான், 900 ரூபாய்க் கடன் அட்டைப் பாக்கியை நாள் தவறாமல் கட்டியதற்கும் 000-தான். அறிக்கை பதிவு செய்வது சொன்ன நாளில் கட்டும் வழக்கத்தை. கடன் பெரிதாக இருந்தால் அந்த வழக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வரும் என்று நினைப்பது தவறு. தவணைக் கடனும் அட்டைக் கடனும் கலந்திருப்பது மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் உதவும் என்பது உண்மையே. ஆனால் பத்தொன்பது வயதில் அந்தக் கலவைக்காகக் காசு செலவழிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

அவசரம் இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடன் வரலாறு இல்லாததால் மட்டும் முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடாது என்று 2025 ஜனவரியில் வெளியிட்ட தன் வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கியே கூறியிருக்கிறது. வருமானம், வேலை, வயது ஆகியவற்றைப் பார்த்து வங்கி தன் முடிவை எடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் வெற்றுத்தாள் ஒரு குற்றம் இல்லை. கல்விக் கடன் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பழைய கடன்களால் குறைந்துபோன மதிப்பெண்ணைக் காட்டி ஒரு மாணவரின் கல்விக் கடனை வங்கி மறுத்தபோது, மாணவர்கள் நாளைய நாட்டைக் கட்டுபவர்கள், மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை மறுக்கக்கூடாது என்ற கருத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. வேலையில் சேர்ந்து ஆறு மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும் ஓர் இளைஞருக்குச் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே அட்டை தரத் தேடி வருவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், நம் ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் பெயரில் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது. கல்விக் கடனும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் கடன்தான். மாணவர் கடன்தாரர், அப்பாவோ அம்மாவோ உடன் கடன்தாரர். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை இருப்பதால், கடன் ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அந்தக் கடன்தான் அவர்களுடைய மதிப்பெண்ணின் அடித்தளம். சலுகைக் காலம் முடிந்து தவணை தொடங்கும் முதல் மாதத்திலிருந்து அதை ஒழுங்காகக் கட்டினாலே போதிய வரலாறு உருவாகிவிடும். அந்தத் தவணை தொடங்கும்போது வண்டிக் கடன் பாக்கியும் சேர்ந்து நின்றால் இரண்டில் ஒன்று தவறும் வாய்ப்பு கூடும் என்பதைத்தான் நான் முதலில் அந்த மாணவரிடம் சொன்னேன்.

அடுத்து விலைத்தாளுக்கு வருவோம். அதில் வட்டி 10 சதவீதம் என்று எழுதியிருந்தது. 80,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 8,000, மூன்று ஆண்டுக்கு 24,000, ஆக மொத்தம் 1,04,000, அதை 36-ஆல் வகுத்தால் 2,889. கணக்கு சரிதான். ஆனால் இது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 80,000 ரூபாயும் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு போடுகிற வட்டி. குறைந்துவரும் அசலுக்குப் போடுகிற வட்டியாக இதை மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 18 சதவீதம் வருகிறது. ஆவணக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் என்று 2,500 ரூபாயைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்வதாகத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதையும் சேர்த்தால் உண்மையான ஆண்டு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 10 என்று படித்தது 20 ஆக இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

இந்த மறைவைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி, 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரப்படும் எல்லாச் சில்லறைத் தவணைக் கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., அதில் இருக்க வேண்டும். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி, எனவே தமிழில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ நீளும் கடனுக்கு, அந்தத் தாளைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் தர வேண்டும். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்தச் சலுகை என்று எவராவது சொன்னால், இந்த மூன்று நாள் விதியை எடுத்துச் சொல்லலாம். விற்பனையகத்தில் சொல்லும் மாதத் தவணையைப் பார்த்து முடிவெடுக்காமல் இந்த ஒரு விகிதத்தைப் பார்த்து முடிவெடுத்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

ஆக, மதிப்பெண்ணின் விலை 24,000 ரூபாயும் கட்டணமும். 'ஒரு வருடம் கட்டிவிட்டு முன்கூட்டியே அடைத்துவிடுகிறேன், அதற்குள் மதிப்பெண் வந்துவிடும்' என்று சிலர் யோசிக்கிறார்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். முதல் பன்னிரண்டு மாதத்தில் கட்டும் தொகை 34,668 ரூபாய். அதில் சுமார் 22,100 மட்டுமே அசலில் கழிகிறது, மீதி 12,600 வட்டிக்குப் போய்விடுகிறது. மொத்த வட்டியில் பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே தீர்ந்துவிடுகிறது. அசல் பாக்கி இன்னும் 58,000 ரூபாய் அளவுக்கு நிற்கும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தாலும், வண்டிக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுபவை என்பதால் அந்தப் பாதுகாப்பு இங்கே பயன்படாமல் போகலாம். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்பதையும் அந்த முக்கியத் தகவல் அறிக்கையில்தான் தேட வேண்டும்.

இதே காலத்தில் வண்டியின் மதிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். வண்டி காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட மதிப்பைக் கணக்கிடும் முறையைப் பார்த்தாலே அது தெரியும்: ஓராண்டு கடந்த வண்டிக்கு 20 சதவீதமும், இரண்டாண்டு கடந்ததும் 30 சதவீதமும் விற்பனையக விலையிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆன்ரோடு விலையில் சேர்ந்திருக்கும் சாலை வரியும், பதிவுக் கட்டணமும், புதிய இருசக்கர வண்டிக்குக் கட்டாயமான ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடும் விற்கும்போது நமக்குத் திரும்பி வராத பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதமும் ஆயுள் வரி. இவற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் கடன் வாங்கி வட்டி கட்டுகிறோம். மாதம் 2,889 என்பதும் முழுச் செலவு இல்லை. பெட்ரோல், சர்வீஸ், டயர், சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைப் புதுப்பிப்பது எல்லாம் சேர்ந்தால், சுமாராக ஓட்டும் மாணவருக்கும் மாதம் ஐயாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும்.

அந்த ஐயாயிரம் யாருடைய பணம்? இந்தக் கேள்விதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. பதினெட்டு வயது நிரம்பினால் ஒப்பந்தம் செய்யச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் வருமானம் இல்லாத மாணவருக்குத் தனியாக எவரும் கடன் தருவதில்லை. சில நிறுவனங்கள் 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன, மற்றவை பெற்றோர் ஒருவரை உடன் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ சேர்க்கின்றன. இன்னும் பல வீடுகளில் கடன் அப்பா பேரிலேயே எடுக்கப்படுகிறது. அப்படி அப்பா பேரில் மட்டும் எடுத்தால் மகனுடைய அறிக்கையில் ஒரு கட்டம்கூட நிரம்பாது. மூன்று ஆண்டு வட்டி கட்டிய பிறகும் அவருக்கு என்.எச்.தான். இருவர் பேரிலும் எடுத்தால் இருவர் அறிக்கையிலும் பதிவாகும், தவணை தவறினாலும் இருவருக்கும் பதிவாகும். தங்கையின் கல்விக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ அப்பா நாளை விண்ணப்பிக்கும்போது, மகன் வண்டிக்குத் தவறவிட்ட ஒரு மாதம் அவர் அறிக்கையில் நிற்கும். உடன் கையெழுத்துப் போடும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது விளக்கப்படுகிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலான கேள்வி.

எந்த நிறுவனத்திடம் வாங்குகிறோம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்களில் வண்டி ஃபைனான்ஸ் என்ற பெயர்ப்பலகையோடு சின்ன அலுவலகங்கள் நிறைய உண்டு. ஆர்.சி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்திட்ட காசோலைகளையும் வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள். இவர்களில் கடன் தகவல் நிறுவனங்களில் உறுப்பினராக இல்லாதவர்களிடம் வாங்கிய கடன் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. மதிப்பெண் வளர்க்க வேண்டும் என்று இவர்களிடம் போய் மூன்று ஆண்டு டியூ கட்டியவருக்கு, மதிப்பெண் அளவில் எதுவும் கிடைத்திருக்காது.

இனி, ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும் என்பதை நிதானமாகப் பார்க்கலாம். தவணை நாள் ஐந்தாம் தேதி என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தாயிற்று. கணக்கில் 2,700 ரூபாய் இருக்கிறது, 189 ரூபாய் குறைவு. வங்கி இருப்பதை மட்டும் எடுத்துக் கொடுக்காது. முழுத் தவணையும் திரும்பிவிடும். திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும், தாமதத்துக்கு அபராதமும் சேரும். தாமதத்துக்கு வட்டி மேல் வட்டியாகப் போட்டு அசலோடு சேர்க்கக்கூடாது, நியாயமான அபராதக் கட்டணமாக மட்டுமே வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனாலும் 189 ரூபாய் குறைந்ததற்கு ஆயிரம் ரூபாய் வரை போவதை நான் பார்த்திருக்கிறேன். சில நாளில் கட்டிவிட்டால் பணத்தோடு போயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போய், குறுஞ்செய்தியைக் கவனிக்காமல், அடுத்த தவணையும் வந்துவிட்டால் அறிக்கையில் 030 ஏறிவிடும். முன்பே ஐந்தாறு கடன்களும் பத்தாண்டு வரலாறும் உள்ளவருக்கு அது ஒரு கீறல்தான். ஒரே ஒரு கடனும் எட்டு மாத வரலாறும் உள்ள மாணவருக்கோ அறிக்கையில் பார்ப்பதற்கு அதைத் தவிர வேறொன்றும் இருக்காது. மதிப்பெண்ணே இல்லாதிருந்த நிலையைவிட அது மோசம்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதன் பாதிப்பு கடன் கிடைக்காததோடு முடிவதில்லை. நம் மாவட்டங்களில் பட்டம் முடித்ததும் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். பொதுத்துறை வங்கிகளின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் இப்போது கடன் வரலாற்றைப் பற்றிய நிபந்தனை இருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வாகி நியமன ஆணையும் பெற்ற ஒருவரின் கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததால் வங்கி அந்த நியமனத்தை ரத்து செய்தது. கடன்களை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரியே என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம் என்பது தீர்ப்பின் அடிப்படை. பாக்கி இப்போது இல்லை என்பது போதாது, திருப்பிக் கட்டிய வரலாறு முழுவதும் கேட்கப்படுகிறது. வேலைக்கு உதவும் என்று தொடங்கிய ஒரு கடன் வேலையையே கெடுக்கும் வழி இதுதான்.

தவணைகள் தொடர்ந்து நின்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். வசூலுக்கு அடியாட்களை அனுப்பும் வழக்கத்தை 2007-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இருந்தாலும் வண்டியை எடுத்து ஏலம் விட்டு, வந்த தொகை பாக்கிக்குப் போதாவிட்டால் மீதியை நாம்தான் கட்ட வேண்டும் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. வண்டியும் போய், கடனும் நின்று, அறிக்கையில் 'செட்டில்டு' (குறைந்த தொகை வாங்கி முடித்தது) என்றோ 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று தள்ளியது) என்றோ ஒரு சொல்லும் ஏறிவிட்டால், அடுத்து வரும் எந்த வங்கி மேலாளரும் அந்தச் சொல்லைத்தான் முதலில் பார்ப்பார்.

சரி, மதிப்பெண்ணே வேண்டாமா என்றால், வேண்டும். அதைச் செலவில்லாமல் வளர்க்கும் வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரப்படும் கடன் அட்டைகளைப் பல வங்கிகள் வழங்குகின்றன. பதினெட்டு வயது நிரம்பியவர் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டால், அதில் பெரும்பகுதியை வரம்பாக வைத்து ஓர் அட்டை கிடைக்கும். வருமானச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை, ஏனென்றால் பணம் அவர்களிடமே இருக்கிறது. வைப்புக்கு வட்டி நமக்கு வந்துகொண்டிருக்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையாகப் பார்த்து வாங்கி, கைப்பேசி ரீசார்ஜ், மாதாந்தர ரயில் சீட்டு போன்று எப்படியும் செலவழிக்கப்போகும் ஒன்றிரண்டை மட்டும் அதில் கட்டி, பில் வந்ததும் முழுத் தொகையையும் அடைத்துவிட வேண்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவை வைத்துக்கொண்டால் மதிப்பெண்ணுக்கும் நல்லது. வண்டிக் கடனில் 24,000 ரூபாய் கொடுத்து வாங்கும் அதே 000 கட்டங்கள் இங்கே சும்மா கிடைக்கின்றன.

முழுத் தொகை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒரு சிறிய எண் இருக்கும். அதை மட்டும் கட்டிவந்தால் மீதிக்கு ஆண்டுக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி ஏறும், வண்டிக் கடனே மேல் என்று ஆகிவிடும். கையில் அட்டை இருந்தால் செலவு கூடிவிடும் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் அட்டையும் எடுக்க வேண்டாம். வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். படிக்கும் காலத்தில் வெறும் என்.எச். ஆக இருப்பதால் எந்த இழப்பும் வந்துவிடாது.

வண்டிக் கடன் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நியாயமாக இருக்காது. மாலையில் உணவு விநியோக வேலைக்குப் போய் மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ சொந்தமாகச் சம்பாதிக்கும் மாணவருக்கு வண்டி ஒரு கருவி. பேருந்து வராத கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவிக்கு அது படிப்பைத் தொடரும் வழி. அவர்களுக்கு வண்டி தேவை, கையில் முழுப் பணம் இல்லை, ஆகவே கடன் தேவை. மதிப்பெண் அதன் கூடவே வரும் பலன். அப்படிப்பட்டவர்கள் முன்பணத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, காலத்தைப் பதினெட்டு மாதத்துக்குள் சுருக்கி, குடும்பம் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் குறையும் அசல் வட்டியில் என்ன விகிதம் என்று கேட்ட பிறகே விற்பனையகத்து மேசைக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தை ஒரே நேரத்தில் நாலைந்து நிறுவனங்களுக்கு அனுப்ப விடக்கூடாது; ஒவ்வொன்றும் அறிக்கையைக் கேட்டுப் பார்த்த பதிவாக ஏறும். இரண்டு மாதத் தவணை எப்போதும் தனியாகக் கணக்கில் கிடக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று விடாமல் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்க வேண்டும், ஏனென்றால் வண்டி திருடு போனாலும் தவணை நிற்பதில்லை.

கடைசித் தவணையோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. கடன் இருக்கும் வரை ஆர்.சி.யில் கடன் கொடுத்தவரின் பெயர், வண்டி கடனுக்கு ஈடாக இருப்பதைக் காட்டும் எச்.பி. என்ற குறிப்போடு இருக்கும். நிறுவனத்திடம் தடையின்மைச் சான்றும், இருவரும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால்தான் அது நீங்கும். என் முதல் வண்டிக்கு இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். ஆறு ஆண்டு கழித்து விற்கப் போனபோது, கடன் கொடுத்த கிளை மூடப்பட்டிருந்ததால் அந்தச் சான்றுக்காக இரண்டு மாதம் அலைந்தேன். கடன் முடிந்ததாக அறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தவறு இருந்து புகார் கொடுத்தால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதியும் இருக்கிறது.

அந்த மாலை நாங்கள் செய்த முதல் வேலையும் அதுதான். மாணவரின் அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மகனுடைய இலவச அறிக்கையை அவர் கைப்பேசியிலேயே திறந்தோம். கடன் இல்லை என்று அவர் நினைத்திருந்த அறிக்கையில் முதல் ஆண்டில் வாங்கிய கல்விக் கடன் இருந்தது, அப்பாவின் பெயர் உடன் கடன்தாரராக. "இதப் பையன் பேர்ல ஏத்துவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதே தம்பி" என்றார் அப்பா என்னிடம். தவணை தொடங்க இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன, ஆனால் வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பணத்துக்காக வைத்திருந்த 40,000 ரூபாயில் ஒரு பகுதியை அந்த வட்டிக்குக் கட்டலாமா என்று அப்பாவும், 15,000 ரூபாயை வைப்பில் போட்டு அட்டை வாங்கினால் வரம்பு எவ்வளவு வரும் என்று மகனும் கேட்கத் தொடங்கினார்கள். விலைத்தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதிலேயே இரண்டு கணக்கையும் எழுதினோம்.